சங்க ஹாலுக்குள் சிகரெட்: சட்டம் என்ன சொல்கிறது, மூத்தவர்களிடம் எப்படிப் பேசுவது

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். விமானப்படையில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது அவர் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறார். சங்கத்துக்கு ஒரு ஹால், ஒரு சீட்டாட்ட அறை, டீயும் டிபனும் போடுகிற சின்ன கேண்டீன் எல்லாம் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உள்ளே கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குப் புகை. நிறுத்தலாமே என்று கமிட்டியில் பேச்செடுத்தால் மூத்தவர்கள் மூன்று பதில் சொல்கிறார்களாம். இது மெம்பர்களுக்கான கிளப், பொது இடம் இல்லை. ராணுவத்துக்காரனுக்கு இந்தச் சட்டமெல்லாம் பொருந்தாது. அப்படியே வேண்டுமென்றால் புகைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு ரூம் ஒதுக்கிவிடு. இந்த மூன்றில் எது சரி, அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் கேள்வி.

தம்பி, மூன்றும் சரியில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி நான் ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து, 24 வருஷம் எம்ஐ ரூமிலும் (யூனிட்டிலேயே இருக்கும் மருத்துவ அறை) ராணுவ ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்து, சூபேதாராக வெளியே வந்தவன் நான். அதில் முதல் பதினோரு வருஷம் நானும் சிகரெட் பிடித்தவன்தான். இப்போது காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் கமிட்டியில் முதல் கேள்வி அதில்தான் வரும். நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2003-ஆம் வருஷத்து சிகரெட் மற்றும் இதரப் புகையிலைப் பொருட்கள் சட்டம், எல்லோரும் கோட்பா என்று சொல்வது. அதற்கு முன்பே 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஆஸ்பத்திரி, பள்ளி, நூலகம், கோர்ட், அரசு அலுவலகம், பஸ், ரயில் போன்ற இடங்களில் புகைப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது, 2002-ல் நம் தமிழ்நாடே புகைப்பதற்கும் எச்சில் துப்புவதற்கும் சேர்த்துத் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அப்புறம் 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்றைக்கு, கோட்பாவின் கீழ் புது விதிகள் அமலுக்கு வந்தன. உங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த விதிகளில்தான் இருக்கிறது.

கோட்பாவின் 4-வது பிரிவு பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்கிறது. பொது இடம் எது என்று சொல்லும்போது, பொதுமக்கள் வந்து போகிற இடம், அவர்களுக்கு உரிமை இருந்து வந்தாலும் சரி, இல்லாமல் வந்தாலும் சரி, என்று அகலமாக எழுதியிருக்கிறார்கள். 2008 விதிகள் அதோடு வேலை செய்யும் இடங்களையும் சேர்த்தன. ரெஸ்டாரண்ட் என்ற சொல்லுக்கு அந்த விதிகளில் கொடுத்திருக்கிற விளக்கத்தைப் பாருங்கள், கேண்டீன், காபி கடை, விருந்து ஹால், பார் எல்லாம் பேர் சொல்லியே வருகிறது. அந்த ரெஸ்டாரண்டைச் சுற்றியுள்ள திறந்த இடமும் வருகிறது.

இப்போது உங்கள் சங்க ஹாலை நினைத்துப் பாருங்கள். நவம்பர் மாசம் ஸ்பர்ஷில் (ராணுவப் பென்ஷன் இணையதளம்) உயிர்வாழ் சான்று ஏற்றுவதற்கு எத்தனை பேர் வருகிறார்கள்? விதவைப் பென்ஷன் வாங்கும் அம்மாக்கள் சென்னிமலையிலிருந்தும் விஜயமங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து, ஆதார் கார்டையும் பென்ஷன் புத்தகத்தையும் மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் அந்த ஹாலில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? காதுகுத்துக்கும் சீருக்கும் ஹாலை வாடகைக்கு விடுகிறீர்களா, இல்லையா? கேண்டீனில் சம்பளத்துக்கு ஒரு மாஸ்டரும் ஒரு பையனும் வேலை செய்கிறார்கள்தானே? அப்புறம் எப்படி அது மெம்பர்களுக்கு மட்டுமான இடம் ஆகும். கதவில் "மெம்பர்கள் மட்டும்" என்று எழுதி ஒட்டுவதால் மாறிவிடாது, அந்த டீ மாஸ்டருக்கு அது வேலை செய்யும் இடம்.

அடுத்தது, ராணுவத்துக்காரனுக்குப் பொருந்தாது என்பது. கோட்பா இந்தியா முழுமைக்குமான சட்டம். அதில் ஏற்றுமதி ஆகிற சரக்குக்கு விலக்கு இருக்கிறது, படைகளுக்கு என்று விலக்கு எங்கேயும் இல்லை. பணியில் இருக்கும்போதே அப்படி என்றால், ஓய்வு பெற்று வெளியே வந்து, சங்கத்தைப் பதிவு செய்து நடத்துகிற நமக்கு என்ன தனிச் சலுகை இருக்க முடியும்.

மூன்றாவது, தனி ரூம். நல்ல மனசோடு சொல்லப்படுகிற யோசனை இதுதான், ஆபத்தும் இதில்தான் அதிகம். சட்டப்படி புகைக்கும் அறை வைக்க அனுமதி இருப்பது 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரக்கூடிய ரெஸ்டாரண்ட், விமான நிலையம், அவ்வளவுதான். உங்கள் கேண்டீனில் எத்தனை நாற்காலி என்று எனக்குத் தெரியாது, ஆனால் முப்பது இருந்தாலும் அந்த அறைக்குப் போட்டிருக்கிற நிபந்தனைகளைக் கேளுங்கள். நாலு பக்கமும் கூரை வரைக்கும் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, உள்ளே இருக்கும் காற்று கட்டடத்தின் வேறு எந்தப் பகுதிக்கும் போகாமல் நேரே வெளியே இழுத்துத் தள்ளும் அமைப்பு, பக்கத்து அறைகளைவிட உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருக்க வேண்டும், வாசலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. 2017-ல் இன்னொன்றும் சேர்த்தார்கள், அந்த அறைக்குள் டீயோ டிபனோ எதையும் கொண்டுபோய்ப் பரிமாறக் கூடாது. சீட்டாட்ட அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி ஸ்மோக்கிங் ரூம் என்று பேர் வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சட்டம் இவ்வளவுதான். அபராதம் என்று பார்த்தால் 200 ரூபாய், அதைச் சொன்னால் மூத்தவர் ஒருவர் பையிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்து மேஜையில் வைத்து "ரெண்டு தடவைக்கு வெச்சுக்க, மீதி நூறை டீக்கு வெச்சுக்க" என்பார், நான் பார்த்திருக்கிறேன். சட்டத்தைக் காட்டி ஜெயிக்கிற சண்டை இல்லை இது. உங்களுக்குத் தெம்பு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

வடக்கே ஒரு யூனிட்டில் நான் எம்ஐ ரூமில் இருந்த காலம். யூனிட் பேர் வேண்டாம். ஆபீஸர்ஸ் மெஸ்ஸில் ஒரு வெயிட்டர், இருபத்தாறு வயசுப் பையன், பீடி சிகரெட் எதையும் தொட்டதில்லை. மெஸ்ஸில் பார்ட்டி நடந்தால் மறுநாள் காலையில் சிக் ரிப்போர்ட்டில் அவன் பேர் இருக்கும். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் விசில் சத்தம். நெபுலைசர் வைத்துவிட்டால் அரை மணியில் தேறிவிடுவான், திரும்பிப் போய் கிளாஸ் கழுவுவான். மூணாவது தடவையோ நாலாவது தடவையோ நான் கேட்டேன், ஏம்ப்பா, டியூட்டியை மாற்றிக் கேட்கக் கூடாதா, லங்கருக்கோ (சிப்பாய்களின் சமையல்கூடம்) தோட்ட வேலைக்கோ போகலாமே. அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சாப், என்னன்னு சொல்லிக் கேக்கறது? சாகிப்மார் புகைக்கறாங்க, எனக்கு மூச்சு முட்டுதுன்னா சொல்ல முடியும்?"

சொல்ல முடியாதுதான். ஒரு ஹவில்தார் சூபேதாரிடம் சொல்ல முடியாது, அந்த சூபேதார் ஒரு மேஜரிடம் சொல்ல முடியாது. ஒரு சாதாரண டீக்கடையில் பக்கத்து மேஜைக்காரன் புகையை ஊதினால் எழுந்து போகலாம், முறைக்கலாம், சண்டை போடலாம். மெஸ்ஸில் தட்டு ஏந்தி நிற்கிறவன் ரெண்டு மணி நேரம் அந்த மேஜைக்குப் பின்னால் நின்றே ஆக வேண்டும். ஓய்வு பெற்றபின்னும் இது போவதில்லை. சங்கத்தில் நாற்பது வருஷம் கழித்தும் பழைய சூபேதார் மேஜர் உள்ளே வந்தால் பழைய லான்ஸ் நாயக் எழுந்து நிற்கிறார், எழுந்து நிற்கட்டும், அது நம் மரியாதை, ஆனால் அதே மரியாதைதான் அவர் வாயையும் கட்டிப்போடுகிறது. பைபாஸ் ஆகி வந்த மனுஷன் புகைக்குள் உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார், எழுந்து போனால் அண்ணன் கோவிச்சுக்குவார் என்று. பென்ஷன் பேப்பரோடு வந்த அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், யாரிடம் போய்ச் சொல்வார்? டீ மாஸ்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராணுவ கிளப்பில் புகைத் தடை வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இங்கே பாதிக்கப்படுகிறவன் கேட்க மாட்டான், கேட்கும்படி நாம் அவனை வளர்க்கவில்லை. அதனால் அவனுக்காகக் கமிட்டிதான் கேட்க வேண்டும், அதுவும் மேலேயிருந்து வரும் ஆர்டராகவே வர வேண்டும், "பக்கத்தில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் புகைக்காதீர்கள்" என்று எழுதி வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எவனும் ஆட்சேபம் சொல்ல மாட்டான்.

புகையைப் பற்றி மருத்துவப் பக்கம் கொஞ்சம். சிகரெட் நுனியில் சும்மா எரிந்து வருகிற புகை ஃபில்டர் வழியாக வருவதில்லை, பக்கத்தில் இருப்பவன் சுவாசிப்பதில் பெரும்பகுதி அதுதான். புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன, அதில் எழுபது வரைக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அடுத்தவன் புகையைத் தொடர்ந்து சுவாசிக்கும் புகைக்காதவனுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு 25-லிருந்து 30 சதவீதம் கூடுகிறது. உலக அளவில் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பேர், தாங்கள் புகைக்காமலேயே, அடுத்தவர் புகையால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் 2016-17-ல் எடுத்த சர்வேயில் பெரியவர்களில் புகைக்கிறவர்கள் 10.7 சதவீதம்தான். ஆனால் கட்டடத்துக்குள் வேலை பார்க்கிறவர்களில் 30.2 சதவீதம் பேர் வேலையிடத்தில் அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று அதே சர்வே சொல்கிறது. பத்தில் ஒருவர் ஊதுவதை பத்தில் மூன்று பேர் வாங்குகிறார்கள்.

ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாதா, ஃபேன் போட்டால் போதாதா என்பார்கள். சீலிங் ஃபேன் புகையை வெளியே தள்ளாது, ஹால் முழுக்கச் சமமாகக் கலக்கும். ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும். அமெரிக்க அரசின் மருத்துவத் தலைவரான சர்ஜன் ஜெனரல் 2006-ல் வெளியிட்ட அறிக்கை, அடுத்தவர் புகையில் இந்த அளவு பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது, தனி இடம் ஒதுக்குவதும் காற்றோட்டம் வைப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. காற்றோட்டம் அமைக்கும் இன்ஜினியர்களின் அமைப்பும் அதற்கு முந்தைய வருஷமே இதே முடிவுக்கு வந்திருந்தது. ரூம் ஸ்ப்ரே அடிப்பது வாசனையை மறைக்கும், அவ்வளவுதான்.

நம் கொங்குப் பகுதிக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. நம் வீடுகளில் பாதிப் பேர் ஸ்பின்னிங் மில்லிலோ ஜின்னிங்கிலோ விசைத்தறியிலோ இருந்தவர்கள். பஞ்சுத் தூசி வருஷக்கணக்காக உள்ளே போய் ஏற்கெனவே இளைத்த நுரையீரல். முன்னாள் படைவீரரே ஓய்வுக்குப் பின் பத்து வருஷம் மில்லில் செக்யூரிட்டியாக நின்றிருப்பார், அவர் வீட்டம்மா கல்யாணத்துக்கு முன்னால் கோன் வைண்டிங்கில் இருந்திருப்பார். அந்த நெஞ்சுக்கு மேல் சங்க ஹால் புகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மில் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, மூத்தவர்களிடம் பேசும்போது எனக்கு ரொம்ப உதவிய பேச்சு இதுதான். எங்கள் சங்கத்தில் (ஆமாம், எங்களுக்கும் இந்தப் பிரச்சனை இருந்தது) கடுமையாக எதிர்த்தவர் ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார் அண்ணன், பல்லடம் பக்கம் ஒரு மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். அவரிடம் கேட்டேன், ஏனுங்ணா, மில் கேட்டில் என்னங்க பண்ணுவீங்க? "தீப்பெட்டி, லைட்டர், பீடி எல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டுத்தான் உள்ளே விடுவேன், பஞ்சு குடோன்ல ஒரு பொறி விழுந்தா போச்சே" என்றார். மேனேஜர் வந்தா? "மேனேஜரா இருந்தா என்ன, முதலாளியா இருந்தா என்ன." சர்வீஸ்ல மேகசின் (வெடிமருந்துக் கிடங்கு) டியூட்டில? "அங்கேயும் அதேதான், சிஓ (கமாண்டிங் ஆபீஸர்) வந்தாலும் கார்டு ரூம்ல தீப்பெட்டியைக் குடுத்துட்டுத்தான் உள்ளே போகணும்." சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உண்மையில் நம்மைப் போல் புகைத் தடைக்குக் கட்டுப்பட்ட கூட்டம் வேறு கிடையாது. வெடிமருந்துக் கிடங்கில் கூடாது, பெட்ரோல் டம்ப்பில் கூடாது, உங்கள் விமானப்படையில் ஹேங்கரிலும் ஃபிளைட் லைனிலும் கூடாது. ராத்திரி பேட்ரோலில் கூடாது, சிகரெட் நுனி வெளிச்சம் தூரத்துக்குத் தெரியும், ஒரே தீக்குச்சியில் மூணு பேர் பற்றவைக்கக் கூடாது என்று சிப்பாய்களுக்குள் ஒரு நம்பிக்கையே உண்டு. மெஸ்ஸை எடுத்துக்கொண்டாலும், டைனிங்-இன் நைட்டில் (முறைப்படி நடக்கும் இரவு விருந்து) டோஸ்ட், அதாவது கிளாஸை உயர்த்தி வாழ்த்துச் சொல்வது, முடியும் வரைக்கும் மேஜையில் யாரும் பற்றவைக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். புகைக்க ஒரு நேரம், ஒரு இடம் என்று இருந்தது, அதை யாரும் சுதந்திரம் போய்விட்டது என்று சொன்னதில்லை. உயரமான மலைப் போஸ்ட்டுகளில் இருந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பதினெட்டாயிரம் அடியில் கிடைக்கிற ஆக்சிஜன் சமதளத்தில் இருப்பதில் பாதிதான், அதிலும் சிகரெட்டின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிக்கோட்டின் விரல் நுனி ரத்தக்குழாய்களைச் சுருக்கும், பனிக்கடிக்கு அது நேராக வழி விடுகிற மாதிரி. போஸ்ட்டுக்கு அனுப்பும் முன் பையன்களிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஆனால் ராணுவமே சிகரெட்டைக் கொடுத்து வளர்த்தது என்பதும் உண்மை, மூத்தவர்கள் அதைச் சொன்னால் மறுக்காதீர்கள். ரெண்டு உலகப் போரிலும் சிகரெட் சிப்பாயின் ரேஷனோடு போயிற்று. அமெரிக்கப் படை தன் ரேஷன் பொட்டலத்தில் சிகரெட் வைப்பதை 1975-ல்தான் நிறுத்தியது. அதன் பிறகு அங்கே நடந்ததைப் பாருங்கள், நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. 1994-ல் படைகளின் வேலையிடங்கள் எல்லாவற்றிலும் புகைக்கத் தடை போட்டார்கள், கிளப்புகளை மட்டும் விட்டுவைத்தார்கள். 1997-ல் ஜனாதிபதி உத்தரவு போட்டு அரசுக் கட்டடங்களில் எல்லாம் தடை வந்தபோதும் படைகளின் பொழுதுபோக்கு இடங்களுக்கு அவகாசம் கொடுத்து, 2002 டிசம்பர் வரைக்கும் இழுத்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்குள், மூடிய டப்பாவுக்குள் எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசிக்கிற இடத்தில், 2010 கடைசியில்தான் நிறுத்தினார்கள். இங்கிலாந்திலும் இதே கதை, முதலில் தனியார் கிளப்புகளுக்கு விலக்கு என்றுதான் பேச்சு ஓடியது, 2006 பிப்ரவரியில் பார்லிமென்ட்டில் ஓட்டெடுத்து கிளப்புகளையும் சேர்த்தே தடை என்று முடிவாகி, 2007 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. முன்னாள் சிப்பாய்கள் கூடும் கிளப்புகளும் அதற்குள்தான். எங்கே பார்த்தாலும் ஆபீஸ் முதலில், கிளப் கடைசியில். காரணம் எனக்குப் புரிகிறது. ஆபீஸ் அரசாங்கத்துடையது, கிளப்பை நாம் நம் வீடு என்று நினைக்கிறோம். மூணு மணி சென்ட்ரி டியூட்டியில் ஒரு சிகரெட்டை ரெண்டு பேர் பங்கு போட்டவர்கள், அந்தப் பங்காளியை முப்பது வருஷம் கழித்து சங்கத்தில் பார்க்கும்போது கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. அவருக்கு அது வெறும் கெட்ட பழக்கம் இல்லை தம்பி, இறந்துபோன சிநேகிதர்களின் ஞாபகமும் அதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் போர்டை மாட்டினால் அவர் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார், அது உங்களுக்கு நஷ்டம்.

அதனால் எப்படிச் செய்வது என்பதற்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் முதல் தடவை தப்பாகச் செய்தோம். செயலாளர் ஒருநாள் ஆஷ்ட்ரேயை எல்லாம் எடுத்துவிட்டு நோட்டீஸ் ஒட்டினார், ஒரே வாரத்தில் டீ டம்ளரில் சாம்பல் தட்ட ஆரம்பித்தார்கள், அதைக் கழுவியது யார்? கேண்டீன் பையன்தான். ரெண்டாவது தடவை முதலில் வெளியே இடம் ஏற்பாடு செய்தோம். ஹாலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், கேண்டீனைச் சுற்றியுள்ள இடத்துக்கு வெளியே, ஜன்னலிலிருந்தும் வாசலிலிருந்தும் நன்றாகத் தள்ளி, ரெண்டு சிமெண்டு பெஞ்ச், மழைக்கு மேலே தகர ஷீட், மண் நிரப்பிய ஒரு தொட்டி, ராத்திரிக்கு ஒரு லைட். முட்டி வலிக்காரர்கள் நடந்துபோக படி இல்லாமல் சாய்தளம். பெரிய செலவு ஒன்றும் ஆகவில்லை. கேண்டீன் மேஜைகளை அந்தப் பக்கம் போடுவதில்லை, டீயும் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. ஏனென்றால் டீ அங்கே போனால் ஆளும் அங்கேயே உட்காருவார், பையனும் புகைக்குள் போக வேண்டும், அப்புறம் அதுதான் கேண்டீன் ஆகிவிடும். டீயைக் குடித்துவிட்டுப் போகட்டும், புகைத்துவிட்டு வரட்டும்.

இடம் தயாரான பிறகு பொதுக்குழுவில் தீர்மானம். செயலாளர் முன்மொழிய வேண்டாம் தம்பி, நீங்கள் வயசில் சின்னவர், விமானப்படை வேறு, "இவன் வந்து நமக்குச் சொல்றானா" என்ற பேச்சு வரும். இருப்பதிலேயே ரேங்க்கில் பெரியவர் யாரோ அவர் முன்மொழியட்டும், அவர் புகைக்கிறவராகவே இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் சங்கத்தில் முன்மொழிந்தது அந்த மில் செக்யூரிட்டி அண்ணன்தான். அவர் எழுந்து நின்று, "உள்ளே வேண்டாம், நான் வெளியே போறேன், நீங்களும் வாங்க" என்றார், அவ்வளவுதான் பேச்சு. ஒரு தேதி குறித்தோம், ஒரு மாசம் தள்ளி. பராகானா (எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய விருந்து), கொடி நாள் மாதிரி எல்லோரும் கூடும் நாளாகப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள், ஆள் குறைவாக இருக்கும் சாதாரண வாரமாக இருக்கட்டும்.

போர்டு விஷயத்தில் விதியைச் சரியாகப் பின்பற்றுங்கள். 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி, ஒவ்வொரு வாசலிலும், மாடி இருந்தால் மாடியிலும் படிக்கட்டிலும். யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்று ஒருவர் பேரும் பதவியும் போன் நம்பரும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பேர் மிக முக்கியம், அது கமிட்டியில் ரேங்க் உள்ள ஒருவருடையதாக இருக்கட்டும், கேண்டீன் மாஸ்டர் பேரையோ வாட்ச்மேன் பேரையோ போட்டுவிடாதீர்கள். உள்ளே யாராவது பற்றவைத்தால் போய்ச் சொல்ல வேண்டிய வேலை அந்தப் பையன் தலையில் விழவே கூடாது, நான் மேலே சொன்ன மெஸ் வெயிட்டர் நிலைமைக்கே அவனைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துவதாக ஆகிவிடும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் உள்ளே வைக்கக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. புகார் வந்தும் பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்காவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதம் அவர் தலையில் விழும், இதைக் கமிட்டியில் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், பொறுப்பு வந்துவிடும்.

சொல்கிற விதமும் பழக வேண்டும். "அண்ணா, இங்க புகைக்கக் கூடாதுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் மனுஷன் மனசு நொந்துவிடும். பக்கத்தில் போய், "அண்ணா, வாங்க, அப்படி மரத்தடிக்குப் போயிட்டு வரலாம்" என்று கூடவே எழுந்து நடந்தால் போதும். நாலைந்து நாள் இப்படி நடந்தேன், அப்புறம் நான் எழுந்தாலே அவர்களும் எழுந்துவிட்டார்கள்.

நிறுத்த வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வழி காட்டுவதையும் இதோடு சேர்த்தே செய்யுங்கள், வெறும் தடை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் இலவச உதவி எண் 1800 11 2356, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், யாரும் கவனிப்பதில்லை, அதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ரெண்டு மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். இருதய மருந்து சாப்பிடுகிறவர்கள் ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தட்டும். முதல் மூணு நாள்தான் ரொம்பக் கஷ்டம், எரிச்சல், தூக்கமின்மை, கை சும்மா இருக்காது, நான் அந்த மூணு நாளும் பாக்கெட்டில் கடலைக்காய் வைத்து உரித்துக்கொண்டே இருந்தேன். மூணு நாலு வாரத்தில் அடங்கிவிடும். நிறுத்தி ஒரு வருஷம் ஆனால் சிகரெட்டால் வந்த மாரடைப்பு அபாயத்தில் கிட்டத்தட்டப் பாதி குறைந்துவிடுகிறது, அறுபத்தைந்து வயசுக்கு மேல் நிறுத்தினாலும் பலன் உண்டு. "இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார், அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிகரெட்டை வெளியே அனுப்பினால் சிலர் கைனிக்கும் ஹான்ஸுக்கும் மாறுவார்கள், சர்வீஸில் வடக்கே இருந்தவர்களுக்கு உள்ளங்கையில் தேய்த்துப் போடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். நம் பக்கமோ பவானி, அந்தியூர் என்று புகையிலை விளைந்த பூமி, வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை போடுவதை யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. புகை இல்லை என்பதால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கெடுதல் இல்லை, சரி, ஆனால் போடுகிறவருக்கு வாய்ப் புற்றுநோய் வருகிறது, ஹால் மூலையிலும் வாஷ்பேசினிலும் சிவப்புக் கறை வருகிறது, அதைத் தேய்த்துக் கழுவுவது மறுபடியும் அந்தக் கேண்டீன் பையன்தான். துப்புவதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.

பொதுக்குழு அடுத்த மாசம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் பெஞ்சும் ஷீட்டும் போட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒருநாள் சாயங்காலம், தீர்மானத்தை முன்மொழியப்போகிற அந்தப் பெரியவர் வீட்டுக்குத் தனியாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். சட்டப் புத்தகம் எடுத்துப் போக வேண்டாம். உங்கள் டீ மாஸ்டருக்கு இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று மட்டும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.